வரப்பு நகர்கிறதா? கூட்டுப் பட்டா நிலத் தகராறை நாங்கள் தீர்த்த வழி

தாத்தா சொந்தமாக வாங்கிய புஞ்சை, 1 ஏக்கர் 20 சென்ட். உயில் எழுதாமலே இறந்துவிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சில் ஆளுக்குப் பாதியாக உழுதார்கள். அப்பா போன பிறகு, ஒவ்வொரு உழவுக்கும் வரப்பு எங்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அதனால் இரண்டு வருடம் பேச்சுவார்த்தையே இல்லை.

1. காகிதங்கள். பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணின் விவரமும் உள்ள கிராமப் பதிவேடு), புலப்படம் (அந்த எண்ணின் எல்லை வரைபடம்) மூன்றையும் தமிழ்நாடு அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பதிவுத்துறை தளத்தில் கிடைக்கும். அங்கே கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். தாய்ப்பத்திரத்தை (தாத்தா நிலம் வாங்கிய மூலப் பத்திரம்) தேடி எடுத்தே ஆக வேண்டும். பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான், அதை மட்டும் காட்டி நிலம் நம்முடையது என்று நிரூபிக்க முடியாது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் சுமார் 2.47 சென்ட்.

2. அளப்பதற்கு முன். நான் மாட்டிக்கொண்ட இடம் இது. பணம் கட்டி சர்வேயரை வரவழைத்தேன். அவர் சர்வே எண்ணின் வெளி எல்லையை அளந்து கல்லைக் காட்டினார். "நடு வரப்பு எங்கே வரணும் சார்?" என்று கேட்டேன். புலப்படத்தைக் காட்டி, "உள்ளே கோடே இல்லையே தம்பி" என்றார். உட்பிரிவு ஆகாத, அதாவது சர்வே எண்ணுக்குள் பங்குகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் பலருக்கும் சேர்த்து இருக்கும் கூட்டுப் பட்டாவில் ஒவ்வொரு சென்ட்டிலும் எல்லாப் பங்காளிக்கும் உரிமை உண்டு. அதனால் சித்தப்பா செய்தது அத்துமீறல் என்று போலீசில் சொன்னாலும், சிவில் விஷயம் என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். கோபத்தில் வேலியைப் பிடுங்கினால் வழக்கு நம் மேல் வரும்.

செல்போன் செயலியில் நடந்து அளப்பதை நான் நம்புவதில்லை. சில மீட்டர் தவறிவிடும், நம் சண்டையோ ஒரு முழத்துக்கு. புலப்படத்தைப் பெரிதாக அச்செடுத்து, நாடா பிடித்துப் பாருங்கள்.

3. வாரிசுகள். தாத்தாவின் வாரிசுச் சான்றிதழ் வாங்கியபோதுதான் அத்தை பெயர் முன்னால் வந்து நின்றது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பாட்டி முன்பே இறந்துவிட்டதால் ஆளுக்கு 40 சென்ட். எங்களுக்கும் 60 இல்லை, சித்தப்பாவுக்கும் 60 இல்லை. இத்தனை வருடம் அத்தையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

4. பாகப்பிரிவினை. அத்தை வீட்டுத் திண்ணையில்தான் பேச்சு நடந்தது. சாலையோரம் 20 சென்ட் போதும் என்றார் அத்தை. மீதி எங்களுக்கு 50, சித்தப்பாவுக்கு 50. வரைபடத்தோடு பத்திரம் எழுதிப் பதிந்தோம். நான்கு எல்லையையும் மீட்டரில் எழுதச் சொல்லுங்கள். "கிழக்கே தென்னை மரம்" என்று மட்டும் எழுதினால், மரம் விழுந்த அன்று எல்லையும் போய்விடும்.

5. உட்பிரிவு. பத்திரத்தை வைத்துத் தனிப்பட்டாவுக்கு மனு. இப்போது வந்த சர்வேயர் உள்ளே கோடு போட்டுக் கல் நட்டார். இனி அந்தக் கல்லைத் தாண்டினால்தான் அத்துமீறல்.

பேச்சு முறிந்தால் வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுங்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதுவும் ஆகாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு.

பிறகு சேர்த்தது: பங்காளி வெளிநாட்டில் இருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டீர்கள். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் (இங்குள்ள ஒருவர் தன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.