டான்சோன்: எப்போது ஆடுவது, எப்போது நிற்பது

கியூபாவின் டான்சோன் இசை ஒலித்ததும் காலை எடுத்து வைத்துவிடாதீர்கள். முதலில் வருவது பசேயோ என்ற முன்னிசை. 8 தாளச் சுற்று, அதையே இன்னொரு முறை, ஆக 16. அதுவரை ஜோடிகள் சும்மா நின்று பேசுவார்கள், விசிறிக்கொள்வார்கள். (வெக்கையான ஊர், மூச்சு வாங்க நேரம் வேண்டாமா!) அது முடிந்து அடுத்த மெட்டு தொடங்கும்போதுதான் ஆட்டம். நடுவில் பசேயோ திரும்ப வரும். மறுபடி நின்றுவிடுங்கள்.

எண்ணிக்கை குழம்பினால் தாளத்தை வாயால் சொல்லிப் பாருங்கள்: 'தாம் த தாம் த தாம்'. நெடில், குறில், நெடில், குறில், நெடில். இந்த ஐந்து அடிக்குச் சிங்கீயோ என்று பெயர். அடுத்த சுற்றில் நான்கு அடி சமமாக விழும். மேளத்தையும், குயிரோ என்ற சுரைக்குடுக்கையை உரசும் 'சர் சர்' சத்தத்தையும் மட்டும் கவனியுங்கள், சீக்கிரம் பிடிபடும். என்னைக் கேட்டால், காலைவிடக் காதுதான் முதலில் பழக வேண்டும்.

எதில் தொடங்குவது? முதல் டான்சோன் என்று சொல்லப்படும் 'லாஸ் அல்துராஸ் டி சிம்ப்சன்' போதும். மிகேல் ஃபாயில்தே 1879 ஜனவரி 1 அன்று மத்தான்சாஸ் நகரில் அரங்கேற்றியது.