பழைய ராணுவத் தளத்தைக் கலை, இயற்கை மையமாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படை வெளியேறிவிட்ட இடத்தைக் காலி இடம் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. மண்ணுக்குள் ஈயமும் எண்ணெயும் இருக்கும். சில தளங்களில் வெடிக்காத குண்டும் இருக்கும். பங்கர் எனப்படும் கான்கிரீட் பதுங்கறைக்குள் வௌவால் குடியிருக்கும். இவற்றைப் பார்க்காமல் கட்டட வரைபடம் போட்டால், பாதி வேலையில் எல்லாவற்றையும் மாற்ற நேரிடும்.

பழைய தள வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் முதலில் தேடி எடுங்கள். எரிபொருள் தொட்டி, வண்டி பழுதுபார்த்த கொட்டகை, தீயணைப்புப் பயிற்சித் திடல், குப்பை புதைத்த குழி, சுடுதளம் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு தனித்தனியே மண் எடுக்க வேண்டும். பத்து இடத்து மண்ணைக் கலந்து ஒற்றை மாதிரியாக்கிச் சோதனைக்கு அனுப்பினால், ஒரு மூலையில் இருக்கும் கடுமையான மாசு சராசரியில் மறைந்துவிடும். தீயணைப்பு நுரையில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் எளிதில் சிதைவதில்லை. நிலத்தடி நீருக்கும் போகும். வழக்கமான மண் சோதனை இவற்றைத் தேடாது, தனியாகக் கேட்க வேண்டும். அந்தத் திடலில் குளம் வெட்டவே கூடாது. சுடுதளத்தின் பின்னே உள்ள மண்மேடு திறந்தவெளி அரங்குக்கு வாகாகத் தெரியும். அதைச் சமப்படுத்தினால் உள்ளே புதைந்த தோட்டாக்களின் ஈயம் வளாகம் முழுக்கப் பரவும்.

குண்டு அகற்றிய சான்றிதழ் கையில் இருந்தால் போதாது. எத்தனை ஆழம் வரை என்று படியுங்கள். 30 செ.மீ. வரை மட்டும் தேடிய நிலத்தில் மரக்குழியோ சிற்பத்துக்கு அடித்தளமோ தோண்டுவது உயிரோடு விளையாடுவது. அங்கே சிற்பத்தை நிலத்தின் மேலேயே, கல் நிரப்பிய கம்பிக் கூடைகளின் மீது நிறுத்தலாம். இங்கிலாந்தின் பழைய ராணுவச் சோதனைத் தளமான ஆர்ஃபோர்ட் நெஸ் 1993 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வசம் உள்ளது. அங்கே இன்றும் பார்வையாளர்கள் குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது.

அதிகம் ஏமாற்றுவது பங்கர்தான். உள்ளே ஈரமாக இருக்கிறதே என்று கோடையில் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விடுவார்கள். சுவர் இன்னும் நனையும். வெளிக்காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், ஏறத்தாழ 17 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். தடித்த கான்கிரீட் சுவர் 14 டிகிரியில் இருக்கும். எனவே காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுவரின் வெப்பநிலையைவிடக் குறைவாக உள்ள நேரத்தில் மட்டும் திறக்க வேண்டும். ஓராண்டு முழுவதும் அளவிட்டுப் பார்க்காமல் அங்கே காகிதம், துணி, மர ஓவியம் எதையும் வைக்காதீர்கள். ஒலி, ஒளி, உலோகம், கல் தாங்கும். கூரையையும் நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் டெக்சஸில் உள்ள மார்ஃபாவில் கலைஞர் டொனால்ட் ஜட் இரண்டு பழைய பீரங்கிக் கொட்டகைகளில் தம் 100 அலுமினியப் படைப்புகளை வைத்தபோது, தட்டைக் கூரைக்கு மேல் வளைந்த இரும்புக் கூரை போட்டார்.

வௌவால் உறங்கும் பங்கரைக் குளிர்காலத்தில் திறப்பது பெருந்தவறு. தூக்கம் கலைந்தால் சேமித்த கொழுப்பு தீர்ந்து அவை இறக்கக்கூடும். அந்த வாயிலைச் சுவர் வைத்து அடைக்காமல், சுமார் 15 செ.மீ. இடைவெளியில் கிடைக்கம்பி போடுங்கள்.

இயற்கைப் பகுதிக்கு வளமான மண் கொட்டி மரம் நடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் அழிவு. உரமே காணாத ஏழை மண்ணில்தான் அரிய காட்டுப்பூக்கள் பிழைத்திருக்கின்றன. உரம் ஏறினால் புல் அவற்றை அமுக்கிவிடும். டாங்கி உழுத பள்ளங்களில் மழைநீர் தேங்கித் தேரை முட்டையிடும், ஆகவே அவற்றை நிரவ வேண்டாம். ஓடுபாதையை முழுதாகப் பெயர்த்து அள்ளிச் செல்லவும் தேவையில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டின் போனமெஸ் பழைய விமானத் தளத்தில் கான்கிரீட்டை வெவ்வேறு அளவில் உடைத்து அங்கேயே விட்டார்கள். இடுக்குகளில் செடிகள் தாமாக முளைத்தன.

பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்து எடுக்காதீர்கள், ஈயத் தூசி பறக்கும். ஒரே வாயில் உள்ள பங்கரில் இரண்டாவது வெளிவழி அமைக்கும்வரை கூட்டத்தை அனுமதிக்க வேண்டாம். பார்வையாளர்கள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் கனத்த எஃகுக் கதவுகளைத் திறந்த நிலையிலேயே, யாரும் இழுத்து மூட முடியாதபடி, போல்ட் போட்டு நிறுத்திவையுங்கள்.