கணக்கை நீக்கினாலும் மெயில் போகாமல் இருக்க: சிறிய கம்பெனிகளுக்கான பேக்கப், படிப்படியாக

மண்டபத்தில் என் மச்சான் நண்டு கம்பெனி நடத்துகிறார். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நீலக்கால் நண்டை வாங்கி, சதை எடுத்து, டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிற வேலை. மொத்தம் ஐந்து மெயில் முகவரி, எல்லாம் கூகுள் வொர்க்ஸ்பேஸில் (கம்பெனிகளுக்கான கூகுளின் கட்டணச் சேவை). கம்ப்யூட்டர் சம்பந்தமான எதுவானாலும் அவருக்கு நான்தான்.

ஏப்ரல் 15-ஆம் தேதி விசைப்படகுத் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில், ஏற்றுமதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனார். மாதக் கட்டணம் வீணாகப் போகிறதே என்று அவர் கணக்கை நான் நீக்கினேன். தடை முடிந்த பிறகு, வாங்குபவர் ஒருவர் பழைய லோடில் எடை குறைவு என்று பணத்தை நிறுத்திவைத்தார். எடை சரி என்று அவரே முன்பு மூன்று மெயில் போட்டிருந்தார். அந்த மூன்றும் நீக்கிய கணக்கில் இருந்தன. நீக்கிய கணக்கை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும். தடைக்காலம் 61 நாள். கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்கு சிசி போயிருந்ததால் ஒரு மெயில் மட்டும் கிடைத்தது.

மெயில் கூகுளிடம்தானே இருக்கிறது, அதுவே பேக்கப்தானே என்று பலரும் கேட்கிறார்கள். இல்லை. அவர்கள் ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனால் உங்கள் மெயிலுக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் நீங்களோ உங்கள் ஆளோ அழித்தால் அது அழிந்ததுதான். குப்பைத்தொட்டியில் 30 நாள். அதிலிருந்தும் போனால் அட்மின் மீட்பதற்கு இன்னொரு 25 நாள். அவ்வளவுதான்.

படி 1: கணக்கெடுப்பு

கம்பெனி மெயில் எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் பக்கம் பாதி பில் யாராவது ஒருவருடைய சொந்த ஜிமெயிலுக்குத்தான் வரும். அதையும் எழுதுங்கள்.

படி 2: வேலையை விட்டவர் கணக்கை உடனே நீக்காதீர்கள்

முதலில் சஸ்பெண்ட் (தற்காலிக முடக்கம்) மட்டும் செய்யுங்கள். சஸ்பெண்ட் செய்தாலும் கட்டணம் ஓடும். ஒரு மாதம் ஓடட்டும். நகல் எடுத்து, திறந்து பார்த்து, அப்புறம் நீக்குங்கள். நீக்கும்போது டிரைவ் கோப்புகளை யாருக்கு மாற்றித் தரட்டும் என்று கேட்கும். அதைப் பார்த்து மெயிலும் மாறிவிடும் என்று நான் நம்பினேன். மெயில் அதில் சேராது.

படி 3: தண்டர்பேர்டில் கையால் ஒரு நகல்

செலவே இல்லாத வழி இது. நான் இரண்டாவது முறை சறுக்கியதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கும் இலவச மென்பொருளான தண்டர்பேர்டை நிறுவி, கணக்கைச் சேர்த்தீர்கள். எல்லா மெயிலும் இறங்கிவிட்டது. நெட்டைத் துண்டித்தாலும் திறக்கிறது. சரி, பேக்கப் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. அது ஐமேப் இணைப்பு. சர்வரில் உள்ளதை அப்படியே காட்டுகிற கண்ணாடி. அங்கே ஒரு மெயிலை அழித்தால் அடுத்த முறை இணையும்போது இங்கேயும் போய்விடும். எங்கள் அலுவலகத்தில் இடம் நிறைந்துவிட்டது என்று ஒருவர் கோப்பு இணைத்த பழைய மெயில்களையெல்லாம் அழித்தார். மறுநாள் காலை என் கம்ப்யூட்டரிலும் அவை இல்லை. குப்பைத்தொட்டியில் இருந்ததால் அன்று தப்பித்தோம்.

மெயில் அந்தக் கணக்கின் கீழ் இருக்கக் கூடாது. இடதுபுறப் பட்டியலில் கீழே ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று இருக்கும். அதற்குள் 2022, 2023, 2024 என்று வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு ஜிமெயிலின் ‘ஆல் மெயில்’ ஃபோல்டரைத் திறந்து, தேதி வரிசைப்படி ஒரு வருட மெயில்களைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து ‘காப்பி டூ’ கொடுங்கள். பக்கத்திலேயே ‘மூவ் டூ’ இருக்கும். அதைத் தொட்டால் சர்வரில் இருந்து மெயில் போய்விடும். மவுஸால் இழுத்துப் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

‘ஆல் மெயில்’ மட்டும் போதும். மற்ற லேபிள்களில் தெரிவது இதே மெயில்கள்தான். அவற்றையும் எடுத்தால் எல்லாம் இரண்டு இரண்டாக வரும். ஐமேப் வழியாக ஒரு நாளுக்கு ஏறத்தாழ 2,500 எம்பிதான் இறக்க ஜிமெயில் விடுகிறது. மீறினால் கணக்கு சிறிது நேரம் முடங்கும். பெரிய பெட்டி என்றால் வாரம் முழுக்க ஆகும். தடைக்காலத்தில் வேலை குறைவு, அப்போது செய்யுங்கள்.

முடிந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு லோக்கல் ஃபோல்டர்ஸ் இருக்கும் டைரக்டரியை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். இடம் எங்கே என்று அக்கவுன்ட் செட்டிங்கில் பார்க்கலாம்.

படி 4: தானாக நடக்க வெளியார் கருவி

கையால் செய்வது மூன்றாவது மாதம் மறந்துபோகும். எங்களுக்கு ஒரு சினாலஜி நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கினோம். அதில் ‘ஆக்டிவ் பேக்கப் ஃபார் கூகுள் வொர்க்ஸ்பேஸ்’ என்ற பேக்கேஜுக்கு ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணம் கிடையாது. ஐந்து பேருக்கு இதுவே என் தேர்வு. மெயிலை நகலெடுத்து வைக்கும் மென்பொருளான மெயில்ஸ்டோர் ஹோம் இலவசம்தான், ஆனால் சொந்த உபயோகத்துக்கு மட்டும். கம்பெனிக்கு மெயில்ஸ்டோர் சர்வர்தான் வாங்க வேண்டும்.

நாஸ் அமைக்கும்போது கூகுள் கிளவுடில் ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் (ஆளுக்கு அல்ல, மென்பொருளுக்கான கணக்கு) உருவாக்கி, அதற்கு அட்மின் கன்சோலில் ‘டொமைன் வைட் டெலிகேஷன்’ (கம்பெனியின் எல்லாக் கணக்கையும் அணுகும் அனுமதி) தர வேண்டும். அங்கே கேட்பது வெறும் எண்களாலான கிளையன்ட் ஐடி. ஸ்கோப் (எதையெல்லாம் அணுகலாம் என்ற அனுமதி) வரிகளில் ஒன்று விட்டாலும் வேலை நடக்காது. மாற்றம் அமலாக 24 மணி நேரம் வரை ஆகலாம், பொறுங்கள். சர்வீஸ் அக்கவுன்ட்டுக்காக இறங்கும் சாவிக் கோப்பு கம்பெனியின் எல்லா மெயில் பெட்டியையும் திறக்கும். அதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பேக்கப்பும் ஆர்க்கைவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஓடவிட்டிருக்கும் பேக்கப் தினம் இரவு எடுக்கும் படம். காலையில் வந்த மெயிலை மாலைக்குள் அழித்துக் குப்பையையும் காலி செய்தால் அது படத்தில் விழாது. ஜர்னலிங் உள்ள ஆர்க்கைவ் என்றால் மெயில் போகும்போதும் வரும்போதும் வாசலிலேயே ஒரு பிரதி எடுத்துவிடும். பணம் கையாளும் ஆட்கள் பலர் இருக்கும் கம்பெனிக்கு அது அவசியம் என்பது என் எண்ணம்.

படி 5: நகலை எங்கே வைப்பது

உப்புக் காற்று டிஸ்கின் கனெக்டரைத் துருப்பிடிக்க வைத்துவிடும். சிலிக்கா ஜெல் பை போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒரு நகல் கடற்கரையைவிட்டு உள்ளே இருக்கட்டும். எங்களுடையது பரமக்குடியில் அத்தை வீட்டு பீரோவில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் அதைப் பற்றிக் கவலையில்லை.

எத்தனை வருடம் வைப்பது? ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. நான் அதைவிடக் கூடுதலாக, பத்து வருடம் என்று வைத்திருக்கிறேன்.

படி 6: மீட்டுப் பாருங்கள்

மாதம் ஒரு முறை, பழைய மெயில் ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் மீட்டு, அதில் இணைத்த கோப்பையும் திறந்து பாருங்கள். முதல் சோதனையில் எங்களுக்கு மெயில் திறந்தது, அதிலிருந்த பேக்கிங் லிஸ்ட் திறக்கவில்லை. மறுபடி நகலெடுத்தோம்.

பின்சேர்க்கை

கீழக்கரையிலிருந்து ஒருவர், வழக்கு என்று வந்தால் இந்த நகல் செல்லுமா என்று கேட்டார். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு) எழுத இடம் இருக்கிறது. நகலெடுத்த அன்றே செவன் ஜிப் மென்பொருளில் எஸ்எச்ஏ-256 என்ற வகை ஹாஷ் மதிப்பைப் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

தொண்டியிலிருந்து இன்னொருவருக்கு மெயில் கூகுளில் இல்லை, வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வந்தது. அவருக்கும் படி 3 அப்படியே பொருந்தும். ‘ஆல் மெயில்’ இருக்காது என்பதால் இன்பாக்ஸ், சென்ட் இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அவருடைய ஹோஸ்டிங் புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. முதலில் நகலை எடுங்கள், பணத்தை அப்புறம் கட்டலாம் என்று சொன்னேன்.