ஏரிக்கரை வீடு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நாம் செய்யும் தவறுகள்

தாத்தா பாட்டியிலிருந்து தவழும் குழந்தை வரை எல்லோரும் சேர்ந்து நாலைந்து நாள் தங்க ஏரிக்கரையில் ஒரு வீடு வேண்டும் என்றால், தேடுகிற வேலை பெரும்பாலும் நடுவயதுக்காரர்களிடம்தான் வரும். படம் பார்ப்பது, பேசுவது, பணம் கட்டுவது எல்லாம் அவர்களே. அவர்கள் கண்ணுக்குப் படிக்கட்டு ஒரு விஷயமாகத் தெரியாது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நாங்களும் ஒருமுறை அப்படித்தான் ஏமாந்தோம். 'ஏரியை ஒட்டிய வீடு' என்று போட்டிருந்தார்கள், பொய்யில்லை. ஆனால் வீடு மேட்டில் இருந்தது, தண்ணீர் பள்ளத்தில். இடையில் கைப்பிடி இல்லாத நாற்பது படிகளுக்கு மேல். அம்மா முதல் நாள் ஒரு தடவை இறங்கி ஏறினார். அப்புறம் ஊர் திரும்பும்வரை பால்கனியைவிட்டு நகரவில்லை. பேரன் கீழேயிருந்து கையாட்டுவான், அவர் மேலேயிருந்து கையாட்டுவார். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றும் உறுத்துகிறது.

அதனால் 'ஏரி எவ்வளவு தூரம்' என்று கேட்டால் போதாது. கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி, வாசலிலிருந்து தண்ணீருக்கு எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று கேளுங்கள். சக்கர நாற்காலி போக வேண்டுமென்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது சரிவு இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கும் கஷ்டம், உட்கார்ந்திருப்பவருக்கும் பயம். கதவைத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி 80 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பாத்ரூம் கதவைத் தனியாக அளந்து சொல்லச் சொல்லுங்கள், பல வீடுகளில் அதுதான் குறுகல்.

கீழ்த்தளத்தில் படுக்கையறை இருக்கிறது என்று கேட்டதும் திருப்தி அடைந்துவிடுகிறோம். பாத்ரூமும் அதே தளத்தில் இருக்கிறதா? வயதானவர்கள் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார்கள். பழகாத வீடு, அரை இருட்டு, நடுவில் இரண்டே படி இருந்தாலும் ஆபத்துதான்.

இனி குழந்தைகள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 'இத்தனை பெரியவர்கள் இருக்கிறோமே, பார்த்துக்கொள்ளலாம்' என்பதுதான் மிக ஆபத்தான நினைப்பு. ஆள் கூடக் கூட, வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை வீசாது. மூச்சுக்கே திணறும்போது குரல் எங்கிருந்து வரும்? ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் எல்லாம் நடந்துவிடும். ஆகவே 'இந்த அரை மணி நேரம் நீ' என்று பெயர் சொல்லி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

வீடும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கம் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலி, கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாத இடைவெளி, தானாகவே மூடிக்கொள்ளும் கேட், கதவின் மேல்பக்கம் தாழ்ப்பாள். கூடத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே படகுத்துறை என்றால், படத்தில் அழகாகத்தான் இருக்கும். நடக்கப் பழகும் குழந்தை உள்ள குடும்பத்துக்கு அந்த வீடு வேண்டாம். கரையோரம் மெல்ல மெல்ல ஆழமாகிறதா, இரண்டடி வைத்ததும் பள்ளமா என்றும் கேளுங்கள். லைஃப் ஜாக்கெட் அங்கே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குழந்தையின் எடைக்குப் பொருந்துவதை நீங்களே கொண்டுபோங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த பட்டைகள் விளையாட்டுச் சாமான்கள்தான், உயிர் காப்பவை அல்ல.

தண்ணீரைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். வெயில் சுள்ளென்று அடித்தாலும் ஏரி சில்லென்று இருக்கலாம். 15 டிகிரிக்குக் கீழே இருந்தால், குதித்தவுடன் மூச்சைத் தன்னையறியாமல் இழுத்துவிடுவோம், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். அதேபோல, பச்சை பெயிண்டைக் கொட்டியதுபோல் ஏடு மிதந்தால் யாரும் இறங்கக் கூடாது. அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது, நாய்கள் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் போகும் மாதத்தில் பாசி வருவது உண்டா என்று வீட்டுக்காரரிடமே கேட்கலாம்.

'12 பேர் தங்கலாம்' என்றால் பல சமயம் சோபாவையும் அடுக்குக் கட்டிலையும் சேர்த்த கணக்கு. மூட்டுவலிக்காரரை அதில் படுக்க வைக்க முடியுமா? உண்மையான கட்டில்களை எண்ணுங்கள், பாத்ரூம்களையும் எண்ணுங்கள். ஷவரில் நிமிடத்துக்கு 8, 9 லிட்டர் போகும். பத்து நிமிடம் குளித்தால் ஒருவருக்கே 80, 90 லிட்டர். கீசர் சிறியதாக இருந்தால் கடைசியில் குளிக்கிறவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். செப்டிக் டேங்க் எத்தனை பேருக்குத் தாங்கும் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

போன் சிக்னல், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம், அடுப்போ ஹீட்டரோ எரியும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் அலாரம் இருக்கிறதா, இவற்றையும் கையோடு கேட்டுவிடுங்கள். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, அறைக்கு இவ்வளவா என்பதையும் பணம் கட்டும் முன்பே பேசி முடித்துவிடுவது உறவுக்கு நல்லது.

இத்தனையும் கேட்ட பிறகு நான் வீட்டுக்காரரிடம் இரண்டு வீடியோ கேட்பேன். கீழ்த்தளக் கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை நடப்பது ஒன்று, வாசலிலிருந்து தண்ணீர்வரை நடப்பது இன்னொன்று. வந்ததும் அம்மாவிடம் காட்டி, 'இது சரியாக வருமா' என்று அவரையே கேட்பேன். வீட்டுக்காரர் வீடியோ அனுப்பத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.