டாப்ஸ் இடுப்புக்குக் கீழே பிடிக்கிறதா? சைடு ஓபனை ஏற்றுங்கள்

சுடிதார் டாப்ஸ் தோளிலும் மார்பிலும் சரியாக இருந்து, இடுப்புக்குக் கீழே மட்டும் பிடித்தால், அடுத்த சைஸுக்குப் போகாதீர்கள். சைடு ஓபனை ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் மேலே ஏற்றித் தைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு மிகவும் அகலமாக இருக்கும் இடத்தைத் தாண்டி ஓபன் தொடங்கும்போதுதான் துணி இழுபட்டு, வயிற்றுப் பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு ஏறுகிறது. அதற்கு மேலேயே பிரிந்துவிட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக நேராக விழும், உட்கார்ந்தாலும் தையல் விடாது. பெரிய சைஸில் தோள் இறங்கிவிடும். பூசினாற்போல் இருப்பவர்களுக்கு அந்தத் தொளதொளப்புதான் இல்லாத பருமனைக் காட்டும்.

அளவை நின்றபடி எடுக்காமல், டாப்ஸைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து, துணி இறுக ஆரம்பிக்கும் இடத்தில் ஊக்கு குத்தி டெய்லரிடம் கொடுங்கள். ஓபன் தொடங்கும் மேல் மூலையில் இரண்டு மூன்று தையல் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், அங்கேதான் முதலில் கிழியும்.

மார்பிலோ கையிலோ இறுக்கம் என்றால் இது உதவாது, உள்தையலில் துணி இருந்தால் பிரித்துத்தான் விட வேண்டும். ஓபனே இல்லாத அம்பர்லா கட்டுக்கு இது தேவையில்லை. லெக்கிங்ஸோடு போடுகிற டாப்ஸில் ஒரு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் பக்கவாட்டில் தெரியும்.