ஏஜென்ட்டை எங்கே மாட்டுவது: ஓப்பன்டெலிமெட்ரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் சின்னச் சின்ன வெப் அப்ளிகேஷன் பார்த்துக்கொள்ளும் பையன்கள் இப்போது ஓப்பன்டெலிமெட்ரிக்கு, அதாவது அப்ளிகேஷனுக்குள் நடப்பதை அளந்து அனுப்பும் ஓப்பன் சோர்ஸ் கருவிக்கு, வருகிறார்கள். நல்லதுதான். நாம் எழுதிய புரோகிராமைத் தொடாமலே, எந்த ரிக்வெஸ்ட் எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று, அப்ளிகேஷனோடு சேர்ந்து ஏறும் அதன் ஏஜென்ட் சொல்லிவிடும். ஆனால் நாங்களெல்லாம் விழுந்த அதே பள்ளத்தில்தான் வரிசையாக விழுகிறார்கள். பாஸ்வேர்ட் தப்பு, ஃபயர்வால் மூடியிருக்கிறது மாதிரிச் சங்கதிகளுக்குள் போகவில்லை, லாக்கைப் பார்த்தாலே தெரியும்.

எல்லா ஜாவாவுக்கும் சேர்த்து மாட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். ராமேஸ்வரத்தில் ஒரு விடுதியின் புக்கிங் தளம், உபுண்டு லினக்ஸில், ஜாவா தளங்களை ஓட்டும் டாம்கேட் சர்வர். ஆடி அமாவாசைக்குக் கொஞ்சம் முன்னால், அங்கே வேலை பார்த்த தம்பி எந்த ஜாவா தொடங்கினாலும் படிக்கும் ஜாவா டூல் ஆப்ஷன்ஸ் என்ற வேரியபிளில் ஏஜென்ட்டைப் போட்டு, அதை ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் என்விரான்மென்ட் ஃபைலில் எழுதிவிட்டார். மெஷின் முழுக்கப் பொருந்தும் என்ற நம்பிக்கை. லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்புவது சிஸ்டம்டி; அது நடத்தும் சர்வீஸ் அந்த ஃபைலைத் தானாகப் படிக்காது. அதனால் டாம்கேட்டுக்கு ஏஜென்ட் போகவே இல்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் படிக்கும். ராத்திரி ஓடும் ஜாவா வேலைகள் எல்லாவற்றிலும் ஏஜென்ட் ஏறிக்கொண்டது. தளத்திலிருந்து ஒன்றுமே வரவில்லையே என்று தம்பி டாம்கேட்டைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வேரியபிள் இருந்தால் ஜாவா தொடங்கும்போதே அதை எடுத்துக்கொண்டதாக எரர் அவுட்புட்டில் ஒரு வரி அச்சடிக்கும். காலி அறைகளை எண்ணும் கிரான் ஸ்கிரிப்ட்டோ இரண்டு அவுட்புட்டையும் ஒன்றாக்கி, முதல் வரியில் எண்ணை எதிர்பார்த்தது. எண் வரவில்லை, ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றது, பழைய கணக்கே தளத்தில் தங்கிவிட்டது. நிறைந்த அறைகளுக்கெல்லாம் மறுபடி புக்கிங். அக்னி தீர்த்தத்தில் குளிக்க விடியற்காலையில் குடும்பத்தோடு வந்து இறங்கியவர்களுக்கு அறை இல்லை. பணத்தையும் திருப்பிக் கொடுத்து, வேறு விடுதிக்கான வாடகையையும் முதலாளியே கட்டினார்.

சரி, எங்கே போடுவது? டாம்கேட்டின் செட்என்வ் ஃபைலில், கேட்டலினா ஆப்ட்ஸ் என்ற வேரியபிளில். ஜாவா ஆப்ட்ஸில் போட்டால் டாம்கேட்டை நிறுத்தும் கமாண்டிலும் ஏஜென்ட் ஏறும். ஆனால் சிஸ்டம்டி ஜாவாவை நேரடியாகக் கிளப்பினால் செட்என்வைப் படிக்காது, அப்போது அந்த சர்வீஸின் யூனிட் ஃபைலிலேயே எழுதுங்கள். அப்புறம், ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கமாண்டில் ஜாவாஏஜென்ட் என்ற சொல் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் என்றாலும் இதே கதைதான், மெஷின் அளவில் வேண்டாம், அந்தந்த அப்ளிகேஷன் பூலுக்கு மட்டும்.

4317-ஆ, 4318-ஆ

ஏஜென்ட் அனுப்பும் தரவை வாங்கிச் சேர்க்கும் கலெக்டரின் போர்ட்கள் இவை. முதலாவது ஜிஆர்பிசி முறைக்கு, அடுத்தது ஹெச்டிடிபிக்கு. ஜாவா ஏஜென்ட்டின் 2-ஆம் பதிப்பிலிருந்து ஹெச்டிடிபிதான் இயல்பு. பழைய வீடியோவைப் பார்த்து 4317 போடாதீர்கள்.

பெயர் வைக்காதது

சர்வீஸுக்குப் பெயர் கொடுக்காவிட்டால் 'அன்நோன் சர்வீஸ்' என்றுதான் வரும். அப்படி நாலு நின்றால் எதை யார் பார்ப்பது?

போன் நம்பரை யூஆர்எல்லில் விடுவது

எஸ்க்யூஎல்லில் இருக்கும் மதிப்புகளை ஜாவா ஏஜென்ட் கேள்விக்குறியாக்கி மறைத்துவிடும். யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் போன் நம்பர் வந்தால் அப்படியே பதிவாகும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஃபார்மை போஸ்ட்டுக்கு மாற்றுங்கள், அதுவரை கலெக்டரிலேயே அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள்.

சாம்பிளிங்

எத்தனை ரிக்வெஸ்ட்டின் பதிவை வைத்துக்கொள்வது என்பதுதான் இது. ஒன்றும் சொல்லாவிட்டால் ஏஜென்ட் எல்லாவற்றையும் அனுப்பும், அமாவாசைக் கூட்டத்தில் சேமிப்புக்கான பில் எகிறும். அதற்குப் பயந்து தொடக்கத்திலேயே பத்து சதவீதம் என்று வெட்டினால், பணம் பிடித்து புக்கிங் ஆகாமல் போன ரிக்வெஸ்ட் அந்தப் பத்தில் பெரும்பாலும் இருக்காது. ரிக்வெஸ்ட் முடிந்தபின் முடிவெடுக்கும் டெயில் சாம்பிளிங்கைக் கலெக்டரில் வைத்து, எரர் வந்ததையும் மெதுவாகப் போனதையும் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். அது மெமரி தின்னும், அதனால் கலெக்டர் வேறு மெஷினில் இருக்கட்டும்.