கிசோ பள்ளத்தாக்கின் சாவடியூர்கள்: எப்படி நடப்பது, எதைப் பார்ப்பது

ஜப்பானின் நாகோயா நகரில் ஷினானோ விரைவு ரயில் ஏறினால் சுமார் 50 நிமிடத்தில் நகாட்சுகவா. அங்கிருந்து அரை மணி நேரப் பேருந்தில் மகோமே. மகோமேயிலிருந்து மலைப்பாதையில் 8 கி.மீ. நடந்தால் சுமாகோ. ஜப்பானின் பழைய நெடுஞ்சாலை ஊர்களைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பிடிக்கும் வழி இதுதான். மரவீடுகளைப் படம் எடுத்துவிட்டு, ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. இவை வழிப்போக்கர்களுக்காகத் தானாக முளைத்த சத்திரத் தெருக்கள் அல்ல. அரசுச் சுமையை ஊருக்கு ஊர் கைமாற்றி அனுப்புவதற்காகக் கட்டளையிட்டு அமைக்கப்பட்ட நிலையங்கள், அதாவது சாவடியூர்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் தெருவின் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் தெரியும்.

கிளம்பும் முன் இவ்வளவு தெரிந்தால் போதும். ஜப்பானின் ஆட்சியைப் பிடித்த தொக்குகாவா இயேயாசு 1601-இல் கடலோரத் தொக்கைதோ சாலைக்கும், 1602-இல் மலை வழியான நகாசெண்டோவுக்கும் குதிரை மாற்றும் ஏற்பாட்டை விதித்தார். நகாசெண்டோ, எதோவின் (இன்றைய டோக்கியோ) நிஹோன்பாஷிப் பாலத்திலிருந்து கியோத்தோவின் சன்ஜோ பாலம் வரை சுமார் 530 கி.மீ. இதில் 69 சாவடியூர்கள். கடைசி இரண்டான குசாட்சுவும் ஓட்சுவும் தொக்கைதோவுக்கும் பொது. தொக்கைதோவின் ஒவ்வொரு ஊரும் 100 ஆட்களையும் 100 குதிரைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். நகாசெண்டோவில் அது 50-க்கு 50. கிசோ பள்ளத்தாக்கின் 11 ஊர்களுக்கு மட்டும் 25-க்கு 25. விளைநிலம் குறைந்த மலைப்பகுதி, அதற்கு மேல் தாங்காது. சுமாகோ எதோவிலிருந்து எண்ணினால் 42-ஆவது, மகோமே 43-ஆவது, நராய் 34-ஆவது.

எந்தத் திசையில் நடப்பது

மகோமேயில் தொடங்குங்கள். மகோமே சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாய் சுமார் 800 மீட்டர், சுமாகோ 420 மீட்டர். ஆக, முதல் 2 கி.மீ. மட்டும் ஏற்றம், பிறகு இறக்கம்தான். சுமாகோவிலிருந்து வந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏறவேண்டும். நின்று பார்த்து நடக்க 3 மணி நேரம் ஒதுக்குங்கள். காலை 9 மணிக்குள் கிளம்பினால் சுற்றுலாப் பேருந்துகளுக்கு முன்னால் போய்விடலாம்.

வழியில் ஆங்காங்கே மணிகள் தொங்கும். கரடிக்கு நம் வருகையைத் தெரிவிக்க அவற்றை அடித்துவிட்டுப் போகவேண்டும். அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். கல் பாவிய பகுதிகள் மழையில் வழுக்கும். தேய்ந்த அடியுள்ள செருப்போடு வருபவர்கள் விழுவது இறக்கத்தில்தான், ஏற்றத்தில் அல்ல. டிசம்பர் முதல் மார்ச் வரை பாதையில் பனி உறைந்திருக்கலாம். பெட்டியை இரண்டு ஊர்களின் சுற்றுலா அலுவலகங்களுக்கு இடையே அனுப்பிவைக்கும் சேவை உண்டு: காலையில் ஒப்படைத்தால் பிற்பகலில் மறுமுனையில் வாங்கிக்கொள்ளலாம். எல்லா மாதங்களிலும் நடக்கும் என்று நம்பிப் போகாமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரை விளிம்பிலிருந்து படியுங்கள்

நேராக நடுத்தெருவுக்குப் போகாதீர்கள். ஊரின் நுழைவில் சாலை செங்குத்தாக ஒருமுறை திரும்பி, உடனே மறுபடி திரும்பும். இதற்கு மசுகதா என்று பெயர். பாய்ந்து வரும் படை ஒரே வீச்சில் ஊருக்குள் புகாமல் தடுக்கும் அமைப்பு. மகோமேயின் கீழ் நுழைவிலும் சுமாகோவின் தெருவிலும் இதைக் காணலாம். அருகிலேயே உயரமான கூரைவைத்த மரப்பலகை இருந்தால் அது கோசட்சுபா, அரசாணைகளை எழுதி மாட்டிய இடம். கிறித்தவம் தடை என்ற ஆணையிலிருந்து சுமை கூலி விகிதம் வரை அதில் இருக்கும். இப்போது நிற்பவை மறு ஆக்கங்கள்; இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஊருக்குள் நுழையும் எவர் கண்ணிலும் படாமல் போகாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து தேடவேண்டியது தொய்யா. பெரும்பாலான விளக்கப் பலகைகள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. ஊரின் இதயமே இதுதான். சுமை வந்திறங்கும், எடை பார்ப்பார்கள், இந்த ஊர்க் குதிரைக்கு மாற்றுவார்கள், அடுத்த ஊர்வரை போய்க் குதிரை திரும்பிவரும். ஒரு முழுச்சுமை 40 கன், ஏறக்குறைய 150 கிலோ. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் முத்திரைச் சீட்டோடு வருகிறவர்களுக்கு இலவசம். பிரபுக்களுக்கு அரசு நிர்ணயித்த மலிவுக் கூலி. மற்றவர்கள் பேரம் பேசிக் கொடுக்கவேண்டும், அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இலவசத்தாலும் மலிவாலும் விழுந்த நட்டத்தை ஊர் விடுதி வருமானத்தில்தான் ஈடுகட்டியது. விடுதிகள் இத்தனை நெருக்கமாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

25 குதிரை போதாதபோது? சுற்றுக் கிராமங்கள் ஆளும் குதிரையும் அனுப்பியாக வேண்டும். சுகேகோ என்ற இந்தக் கட்டாயம் நடவு, அறுவடை பார்க்காது. 1764-இல் இந்தச் சுமையைக் கூட்டப்போக, நகாசெண்டோவின் கிழக்குப் பகுதி விவசாயிகள் பெருந்திரளாகக் கிளர்ந்தெழுந்தார்கள். 1861-இல் இளவரசி கசுனோமியா ஷோகுன் இயேமொச்சியை மணக்க இந்தச் சாலை வழியாகப் போனபோது, ஊர்வலம் ஓர் ஊரைக் கடந்து முடிக்கவே நாள்கணக்கில் ஆனது. அழகான அந்தத் தெருவில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஹொன்ஜினும் மற்ற விடுதிகளும்

பிரபுக்கள் தங்கும் வீடு ஹொன்ஜின். அடையாளம் எளிது: சாதாரண வீட்டுக்கு அனுமதிக்கப்படாத வாயிற்கதவும் முகப்பு மண்டபமும் இருக்கும், உள்ளே ஓர் அறையின் தரை மட்டும் ஒரு படி உயர்ந்திருக்கும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் சாமானியருக்கு அங்கே இடமில்லை. அதற்கு அடுத்த நிலை வாக்கி ஹொன்ஜின். அதிகாரிகள் இல்லாத நாளில் மற்றவரையும் ஏற்கும். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு தங்குவது ஹத்தாகோ. அரிசியைக் கையோடு கொண்டுவந்து விறகுக்கு மட்டும் காசு கொடுப்பது கிச்சின்யாதோ.

நேரம் குறைவென்றால் சுமாகோவில் ஒகுயா என்ற வாக்கி ஹொன்ஜினை மட்டுமாவது உள்ளே போய்ப் பாருங்கள். முழுக்க ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத்தால் 1877-இல் கட்டியது. அந்த ஆண்டே ஒரு செய்தி. ஷோகுன்கள் எதோவிலிருந்து ஆண்ட காலத்தில் இந்தக் காடு ஒவாரி என்ற பிரபு ஆட்சியின் கையில் இருந்தது. ஹினோகி உள்ளிட்ட ஐந்து வகை மரங்களை வெட்டினால் தலை போகும் என்ற அளவுக்குக் கடுமை. தடை நீங்கியதும் அந்தக் குடும்பம் ஆசை தீர ஹினோகியிலேயே கட்டிக்கொண்டது.

தேதிகளில் ஏமாறாதீர்கள்

பார்ப்பதெல்லாம் 400 ஆண்டுப் பழமை என்று நினைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. மகோமே 1895-இலும் 1915-இலும் தீயில் கருகியது. இப்போதுள்ள வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. சுமாகோவின் ஹொன்ஜின் 1995-இல் மறுபடி எழுப்பப்பட்டது. ஆனால் சுமாகோவில் வேறொரு வரலாறு உண்டு. 1872-இல் சாவடி முறை ஒழிந்தது. 1911-இல் முழுமையடைந்த சூஓ ரயில் பாதை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. பிழைப்பில்லாமல் ஊர் காலியானது; இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாததால்தான் வீடுகள் தப்பின. 1968-இல் தெராஷித்தா பகுதியில் சீரமைப்பைத் தொடங்கினார்கள். 1971-இல் ஊரார் கூடி விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று சாசனம் எழுதினார்கள். 1976-இல் அரசுப் பாதுகாப்புப் பகுதியானது. மின்கம்பங்களை வீடுகளுக்குப் பின்னால் தள்ளியதும் இவர்கள்தான். ஆகவே பழமையைப் பார்க்க தெராஷித்தாவில் நேரம் செலவிடுங்கள், மகோமேயைக் காட்சிக்கும் நடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் இருந்தால் நராய். தெரு சுமார் 1 கி.மீ. நீளம், ரயில் நிலையம் ஊர் முனையிலேயே. மேல்மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகளையும் மலை நீரைக் கொண்டுவரும் தண்ணீர்த் தொட்டிகளையும் பாருங்கள். அடுத்த ஊரான யபுஹராவுக்குப் போகும் தொரிக் கணவாய் 1197 மீட்டர். அந்தக் கடினம்தான் நராயில் இவ்வளவு பேரைத் தங்கவைத்தது. வழியில் கிசோ புகுஷிமாவில் இறங்கினால் சோதனைச்சாவடி இருந்த இடத்தைக் காணலாம். எதோவுக்குள் போகும் துப்பாக்கியையும் வெளியேறும் பெண்களையும் அங்கே துருவிப் பார்த்தார்கள். பிரபுக்களின் மனைவியர் எதோவில் பிணையாக வைக்கப்பட்டிருந்தார்கள்.

தங்குவதும் சாப்பாடும்

கடைகள் மாலை 5 மணிக்குள் மூடிவிடும். கூட்டம் போன பிறகு சுமாகோவில் ஒரு இரவு தங்குவதே சிறந்தது, ஆனால் விடுதியில் இரவு உணவு 6 மணிவாக்கில் என்பதால் 5-க்குள் போய்ச் சேருங்கள். பணத்தை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சைவர்கள் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அன்று மாலை சொன்னால் சமையலை மாற்ற வழியிருக்காது. சோபாவின் குழம்பு மீன்சாற்றில் செய்தது, மேலே காய் மட்டும் மிதந்தாலும். அரிசியைப் பிசைந்து குச்சியில் சுட்டு வால்நட் விழுது பூசும் கொஹெய் மொச்சி பெரும்பாலும் பாதுகாப்பு; விழுதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சுமாகோவிலிருந்து நகிசோ ரயில் நிலையத்துக்குப் பேருந்தில் 10 நிமிடம், நடந்தால் ஒரு மணி நேரம். உள்ளூர் ரயில்கள் ஒன்றிரண்டு மணிக்கொன்றுதான், எனவே முதலில் ரயில் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதற்கேற்ப விடுதியைவிட்டுக் கிளம்புங்கள்.